கொட்டகைச் சம்சாரிகள்

டெக்சாஸில் சனிக்கிழமை காலை வீட்டை விட்டு நழுவ ஓர் ஆண்பிள்ளைக்குக் கௌரவமான காரணங்கள் இரண்டு உண்டு. ஒன்று துப்பாக்கி, இன்னொன்று புகை. புகை என்றால் சிகரெட் இல்லை. கொல்லைப்புறத்தில் இரும்புப் பீப்பாய் ஒன்றை வைத்து, ஓக் விறகுப் புகையில் இறைச்சியை விடிய விடிய வேகவைப்பது. துணியை மடி, கறிவேப்பிலை வாங்கி வா என்ற எந்த அழைப்பும் இந்த இரண்டில் இறங்கியவனை நெருங்காது. ஒருவன் கையில் வெடிமருந்து, இன்னொருவன் முன்னால் நெருப்பு. யார் போய்க் கூப்பிடுவது?

டாலஸுக்கு வடக்கே எங்கள் வேலிக்கு அந்தப்பக்கம் குடியிருப்பவர் இரண்டிலும் கைதேர்ந்தவர். எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைத் தாடி, பெரிய தொப்பை, பேச்சில் அவசரமே கிடையாது. என் மனைவி அவருக்கு ‘வெள்ளைக்கார அண்ணாச்சி’ என்று பெயர் வைத்துவிட்டாள். என் ஆயுத அனுபவமோ திருநெல்வேலியில் தீபாவளிக்கு ரோல் கேப் போட்டுச் சுட்ட தகரத் துப்பாக்கியோடு முடிந்திருந்தது. அதுவும் பாதி நேரம் வெடிக்காது. வாயால் ‘டப்’ என்று சொல்லிக்கொள்வேன்.

இந்த ஊரில் துப்பாக்கி கத்தரிக்காய் போலச் சாதாரணம். 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு போகலாம். வேண்டாம் என்கிற கடைக்காரர் வாசலில் பலகை வைப்பார். உரிமம் உள்ளவர் மறைத்து எடுத்து வரக்கூடாது என்பதற்குத் தண்டனைச் சட்டத்தின் 30.06ஆவது பிரிவு, தெரியும்படி எடுத்து வரக்கூடாது என்பதற்கு 30.07. எழுத்து ஓர் அங்குல உயரமாவது இருக்கவேண்டும், ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்கவேண்டும் என்றெல்லாம் விதி. பரமக்குடியிலிருந்து வந்திருந்த என் மாமனார் பலகை எதையும் படிக்காமல் விடமாட்டார். கடை வாசலில் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, “முப்பது ஆறுலேருந்து முப்பது ஏழு வரைக்கும் கடை லீவு போலருக்கு மாப்பிள்ளை. ஆடி மாசம் தள்ளுபடிதானே போடுவாங்க, மூடுவாங்களா?” என்றார். 1906இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட ஒரு தோட்டாவுக்கும் இதே முப்பது-ஆறுதான் பெயர் என்று விளக்க ஆரம்பித்தேன். அதற்குள் அவர் தர்ப்பூசணியைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

அலுவலகத்தில் ஒரு தம்பி இருக்கிறான். நாகர்கோவில் சைவப் பையன், வெங்காயத்துக்கே யோசிப்பான். அவனுக்கும் சுட ஆசை. அவனைப் போல எச்-1பி விசாவில் இருப்பவர் கையில் தோட்டா வைத்திருந்தாலே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ஆனால் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. 1971 செப்டம்பர் 2ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டையாட, அதற்கான பாடம் படித்துத் தேறவேண்டும். தம்பி படித்தான். மானின் எந்த இடத்தில் சுட்டால் துடிக்காமல் விழும் என்பதில் தேறினான். இன்று அவன் பர்ஸில் முருகன் படத்துக்குப் பின்னால் வேட்டை உரிமம் இருக்கிறது. சாம்பாரில் வெங்காயம் போட்டிருக்கிறதா என்று மட்டும் இன்னமும் கேட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறான்.

அண்ணாச்சி என்னைத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குக் கூட்டிப்போனார். அங்கே சுடுவது கொஞ்ச நேரம்தான். மிச்ச நேரமெல்லாம் வேறு வேலை: காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, காகிதத்தைத் தொங்கவிடுவது, எல்லாரும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நிற்பது, மறுபடி ஆரம்பிப்பது. கைத்துப்பாக்கி ஒன்றைச் சுட்டேன். சுட்டதும் காலித்தோட்டா வலது பக்கமாகத் தெறித்துப் போகும் என்று சொல்லியிருந்தார்கள். அது தடுப்புப் பலகையில் மோதித் திரும்பி, சட்டைக் காலர் வழியாக உள்ளே இறங்கியது. அப்போதுதான் வெடித்த பித்தளை, கொதித்துக்கொண்டிருந்தது. எந்த நிலையிலும் குழல் முன்பக்கமே பார்த்திருக்க வேண்டும் என்பது அங்கே வேதவாக்கு. ஆகவே கையும் துப்பாக்கியும் இலக்கை நோக்கி அசையாமல் நிற்க, கழுத்துக்குக் கீழே மட்டும் நான் கரகம் ஆடினேன். அண்ணாச்சி பாராட்டினார். ஆட்டத்தை அல்ல, கை ஆடாததை.

வேதவாக்கு மொத்தம் நான்கு. அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி நடத்திய ஜெஃப் கூப்பர் வகுத்தவை. எல்லாத் துப்பாக்கியிலும் எப்போதும் குண்டு இருப்பதாகவே நினை. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலை நீட்டாதே. குறி சேரும்வரை விரலை விசையில் வைக்காதே. இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். அண்ணாச்சி இவற்றைத் தன் கொட்டகைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். எனக்குத் துப்பாக்கியில் அவ்வளவாகப் பயன்படவில்லை, குடும்பத்தில் பயன்படுகின்றன. மாமியார் வந்திருந்த வாரம் ரசத்தில் புளி தூக்கல் என்று மனைவியைப் பார்த்துச் சொன்னேன். இலக்கு சரிதான். பின்னால் நின்றுகொண்டிருந்தவர் ரசம் வைத்தவர்.

மின்னணுக் காதுமூடி என்று ஒன்று விற்கிறது. வெடிச்சத்தத்தை அமுக்கிவிட்டு மெல்லிய பேச்சை மட்டும் பெரிதாக்கிக் கேட்கவைக்கும். வாங்கி வீட்டில் மாட்டிச் சோதித்தேன். அடுப்படியில் மனைவி தனக்குத்தானே முணுமுணுப்பது ஹாலில் அட்சரசுத்தமாக விழுந்தது. கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். அறியாமல் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தேன்.

உண்மையான விஷயம் ரேஞ்சில் இல்லை, கொட்டகையில் இருக்கிறது. அண்ணாச்சி தோட்டாக்களைக் கடையில் வாங்குவதைவிடச் செய்துகொள்வதையே விரும்புபவர். சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிவந்து, எரிந்த பிரைமரை (மருந்தைப் பற்றவைக்கும் பொட்டு) தட்டி எடுத்து, கூட்டைப் பழைய அளவுக்கு நெருக்கி, புதுப் பிரைமர் வைத்து, மருந்து அளந்து கொட்டி, மேலே குண்டைப் பொருத்தி இறுக்குவார். மருந்தின் எடை கிரெயின் கணக்கு. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். ஒரு கிரெயின் நம் குன்றிமணியில் ஏறத்தாழப் பாதி. ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவுக்கு நாலைந்து கிரெயின் போதும், தப்பி இரண்டு மடங்கு விழுந்தால் துப்பாக்கியே கையில் வெடிக்கும். நான் அங்கே எடை பார்க்க உட்காருவேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மூச்சடக்கி, கிரெயினில் பத்தில் ஒரு பங்குக்குச் சண்டை போடுவேன். வீட்டில் உப்பு டப்பா எந்த அலமாரியில் என்று இன்றுவரை தெரியாதவன்.

வேலி வழியாக இதையெல்லாம் மனைவி கவனித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் பார்வையில் நாங்கள் செய்தது இது: பொறுக்கினோம், கழுவினோம், சலித்தோம், காயவைத்தோம், துடைத்தோம், அளந்தோம், அடுக்கினோம். துப்பாக்கிக் குழலைத் துடைக்க என் பழைய எட்டு முழ வேட்டியைச் சதுரம் சதுரமாகக் கிழித்துக் கொடுத்திருந்தேன். “வீட்ல கரித்துணி வேணும்னு கேட்டப்போ வேட்டி குடுக்க மனசு வரல” என்றாள். பதில் சொல்லும் நிலையில் நான் இல்லை. காதுமூடியாவது மாட்டியிருக்கலாம்.

கூடு கழுவுவதுதான் பெரிய வேலை. கரி படிந்த பித்தளையைச் சுழலும் டிரம்மில் போட்டு, தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, கொஞ்சம் சிட்ரிக் அமிலம், குட்டிக் குட்டி எஃகு ஊசிகள் சேர்த்து மணிக்கணக்கில் உருட்டவேண்டும். அமிலம் தீர்ந்துபோன ஒரு நாள் அண்ணாச்சி கடைக்குக் கிளம்பினார். மனைவி வேலிக்கு மேலே ஒரு பொட்டலத்தை நீட்டினாள். பழம்புளி. சிட்ரிக் அமிலம் செய்கிற வேலையைப் புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலமும் செய்யும் என்று எனக்குப் பாடம் தெரியும். பூஜைச் சாமானை அது பளபளவென்று ஆக்கும் என்று அவள் கைக்குத் தெரியும். கரைத்து ஊற்றினோம். கூடுகள் மார்கழி மாதத்துக் கோயில் மணிபோல் வெளியே வந்தன. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கொல்லைப்புறத்தில் குந்தி உட்கார்ந்து செய்த காரியம், இரண்டு ஆம்பிளைகள் மோட்டார் வைத்துச் செய்ததும் கண்டுபிடிப்பாகிவிட்டது. அண்ணாச்சி அதைத் தன் குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டார்.

(ஒரு விஷயம் சொல்லவேண்டும். பிரைமர் கரியில் ஈயம் உண்டு. அந்த டிரம்மோ சல்லடையோ அடுப்படிக்குத் திரும்பி வரக்கூடாது. எங்கள் வீட்டு மாவுச் சல்லடை கொட்டகைக்குப் போனது அப்படியே போனதுதான். போனவிதம் பற்றி விசாரணை நிலுவையில் இருக்கிறது.)

இனி புகை. டெக்சாஸில் புகை என்றால் பிரிஸ்கெட், மாட்டின் நெஞ்சுக்கறி. நான் அதை ருசி பார்த்தேனா என்பது இங்கே தேவையில்லாத விவரம். என் அம்மா இதைப் படிக்கக்கூடும். மத்திய டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானிய, செக் கசாப்புக் கடைக்காரர்கள் விற்காத கறியைப் புகை போட்டு வைத்ததிலிருந்து வளர்ந்த கலை இது. லாக்ஹார்ட் என்ற சிற்றூரை ‘டெக்சாஸின் பார்பெக்யூ தலைநகர்’ என்று சட்டமன்றமே தீர்மானம் போட்டு அறிவித்திருக்கிறது. ஆஸ்டினில் ஆரன் ஃபிராங்க்ளின் 2009இல் ஒரு டிரெய்லர் வண்டியில் கடை போட்டார், 2015இல் அவருக்குச் சமையல்காரர்களுக்கான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்தது. அவர் கடை வாசலில் மணிக்கணக்கில் வரிசை நிற்கும்.

உப்பும் மிளகும் தடவி, 225 டிகிரி பாரன்ஹீட் சூட்டில் வைத்தால் உள்சூடு மெல்ல ஏறும். 160ஐ ஒட்டி நின்றுவிடும். கறியின் மேல்பரப்பு வியர்த்து, அந்த ஈரம் ஆவியாகி, ஏறுகிற சூட்டை அப்படியே தின்றுவிடுகிறது. பிறகு 203ஐத் தொடும்வரை காத்திருக்கவேண்டும், அதற்குள்தான் கடினத் தசைநார் ஜெலட்டினாக இளகும். அந்த நின்றுபோன நேரத்தில் இரண்டு பேர் நாற்காலி போட்டு, மாறாத எண்ணை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் அலுவலகத்தில் இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஆசை யாரை விட்டது. நானும் ஒரு வெபர் அடுப்பு வாங்கினேன். 1952இல் ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை பார்த்த தொழிற்சாலையில் செய்த உலோக மிதவையைப் பாதியாக வெட்டி உருவாக்கிய வடிவம். எங்கள் வீட்டு விதிப்படி மாட்டுக்கறி கிடையாது, கோழிக்காலோடு ஆரம்பித்தேன். நல்ல புகை கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாய்ப் போகும். என்னுடையது வெள்ளையாய்த் தடித்து, தெருவையே மூடியது. குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.

அடுப்படியில் இருந்தபடியே, எட்டிக்கூடப் பார்க்காமல், “விறகு ஈரம் மாப்பிள்ளை” என்றார் மாமியார். பிறகு வந்து விறகுப் பையைப் புரட்டினார். மெஸ்கீட் என்று அச்சடித்திருந்தது. பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து மோந்தார்.

“இது நம்ம சீமைக் கருவேலம்லா? காசு குடுத்தா வாங்குனீங்க?”

சீமைக் கருவேலமும் மெஸ்கீட்டும் நெருங்கிய பங்காளிகள் என்பது உண்மை. “எங்க ஊர்ல இதை வெட்டி ஒழிக்கணும்னு ஹைகோர்ட்டே உத்தரவு போட்டுச்சு” என்று மாமனார் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தார். பையின் விலையை நான் சொல்லவில்லை. அவர் பையில் படித்துவிட்டார். ராமநாதபுரம் மாவட்டத்தின் மொத்தக் கருவேலங்காட்டையும் டாலர் கணக்கில் மனதுக்குள் பெருக்கியபடி அவர் அன்றிரவு வெகுநேரம் தூங்கவில்லை.

அடுத்த வாரம் காய்ந்த விறகும் மாமியாரின் மேற்பார்வையும் சேர, புகை நீலமாய்ப் போனது. ஆனால் கம்பிமேல் கோழி இல்லை. தமிழ்ச் சங்க விருந்துக்குக் கொத்சு வைக்கவேண்டும் என்று மனைவி கூடை நிறையக் கத்தரிக்காயைக் கொண்டுவந்து வைத்தாள். அதிலிருந்து அந்த அடுப்பில் நான் சுடுவதெல்லாம் கத்தரிக்காய்தான். அண்ணாச்சி பக்கத்தில் உட்கார்ந்து, கத்தரிக்காயின் உள்சூட்டை அளந்து குறிப்பேட்டில் எழுதுகிறார்.

போன கார்த்திகைக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெண்களும் வேலியருகே நின்று ஏதோ பேசினார்கள். அதற்கு மறுநாள் மனைவி, ஈயம் படாத புது டிரம் ஒன்றைத் தன் செலவில் தருவித்து, கூடவே ஒரு பை நிறையப் பித்தளை விளக்குகளையும் புளிப் பொட்டலத்தையும் கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அண்ணாச்சி பையைப் பிரித்தார். ஒரு காமாட்சி விளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அளவுகோலை வைத்து அளந்தார்.

“இது என்ன காலிபர்?” என்று கேட்டார்.