கார் ரேடியோவும் இரண்டு நண்பர்களும்

2006 ஜனவரியில் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் எல்லோர் வாயிலும் இருந்த பெயர் 'லிட்டில் மிஸ் சன்ஷைன்'. ஒரு கோடி டாலருக்கு மேல் விலை போனது. அதே விழாவில், சுமார் 30,000 டாலரில் எடுத்த ஒரு படத்தோடு கெல்லி ரைக்கார்ட் வந்திருந்தார். படம் 'ஓல்ட் ஜாய்'. அவருடைய முதல் படமான 'ரிவர் ஆஃப் கிராஸ்' வந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. சூப்பர் 16 ஃபிலிம், விரல்விட்டு எண்ணக்கூடிய குழு, இரண்டு நடிகர்கள், இயக்குநர் வளர்த்த நாய் லூசி. இவ்வளவுதான் முதலீடு.

கதையும் அவ்வளவுதான். போர்ட்லேண்டில் இருக்கும் மார்க்குக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. ஊர் ஊராகத் திரியும் பழைய நண்பன் கர்ட் கூப்பிடுகிறான். இருவரும் ஆரிகன் காட்டுக்குள் இருக்கும் பேக்பி வெந்நீர் ஊற்றுக்குப் போகிறார்கள். வழி தவறி ஓர் இரவு வெளியில் தங்குகிறார்கள். மறுநாள் குளித்துவிட்டுத் திரும்புகிறார்கள். சண்டை இல்லை, துரோகம் இல்லை, யாரும் சாகவில்லை.

ரோட்டர்டாம் விழா அதற்கு டைகர் விருது கொடுத்தது. நியூயார்க் டைம்ஸில் மனோலா டார்கிஸ் மனமாரப் பாராட்டினார். அப்போது நான் தேடிப் படித்த விமர்சனங்கள் பலவும் ஓர் இடத்தில் வந்து நின்றன: மார்க்கின் கார் ரேடியோ. அதில் ஓடுவது ஏர் அமெரிக்கா, புஷ் ஆட்சியை எதிர்த்த இடதுசாரிகளின் வானொலி. தோற்றுப் போன ஒரு தலைமுறையின் அரசியல் சோகம்தான் இந்த நட்பின் கதை என்று எழுதினார்கள். நல்ல வாசிப்பு, ஆதாரமும் படத்திலேயே இருந்தது.

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில், கணினித் திரையில், நானும் அறை நண்பனும் இதைப் பார்த்தோம். அவன் முடிவில், "ஒண்ணுமே நடக்கலையேடா" என்றான். நான் ரேடியோவையும் புஷ்ஷையும் எடுத்துச் சொன்னேன். டீக்கடை அடைக்கும்வரை வாதாடினோம். அந்த வயதில் ஒரு படத்துக்காக இரவெல்லாம் சண்டை போடுவதும் நட்பின் ஒரு வேலையாக இருந்தது.

ஏர் அமெரிக்கா 2010-ல் மூடப்பட்டுவிட்டது. புஷ் ஆட்சி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 2019-ல் கிரைட்டீரியன் நிறுவனம் படத்தை மெருகேற்றி மீண்டும் வெளியிட்டபின் மறுபடி பார்த்தேன். அந்தக் குரல்கள் யாருடையவை, எதைப் பற்றிப் பேசுகின்றன என்பது இப்போது பொருட்டாகவே இல்லை. பேச விஷயமில்லாத காரில் ஏதாவது ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, அது மட்டுமே காதில் விழுகிறது. விமர்சகர்கள் சாவியாகப் பிடித்த பொருளின் காலம் முடிந்துவிட்டது. அது மூடி மறைத்த மௌனத்துக்கு வயதாகவில்லை.

அறை நண்பனும் நானும் இன்றுவரை ஒரு வார்த்தை கடுமையாகப் பேசிக்கொண்டதில்லை. பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து வரும். போன முறை பேசியபோது மகனின் கல்லூரி சீட், அம்மாவின் முட்டி வலி, ஓஎம்ஆர் டிராஃபிக் என்று எல்லாம் பேசினோம். சினிமா வரவில்லை. "ஒண்ணுமே நடக்கலையேடா" என்று அவன் அன்று சொன்னதுதான் அந்தப் படத்தைப் பற்றி நான் கேட்ட மிகச் சரியான விமர்சனம். இப்படித்தான் நட்பு போகிறது, ஒன்றுமே நடக்காமல்.

பிரிவைப் பற்றிய அந்தப் படம் ஒரு நீண்ட கூட்டணியைத் தொடங்கிவைத்தது. 'ஓல்ட் ஜாய்' சிறுகதையை எழுதிய ஜோனதன் ரேமண்ட் 'வெண்டி அண்ட் லூசி', 'மீக்ஸ் கட்டாஃப்', 'நைட் மூவ்ஸ்' என்று ரைக்கார்டோடு தொடர்ந்து வேலை செய்தார். அவருடைய நாவலிலிருந்து வந்த 'ஃபர்ஸ்ட் கவ்' இரண்டு ஆண்களின் நட்பைப் பற்றியது; அதை 2020-ன் சிறந்த படமாக நியூயார்க் விமர்சகர் வட்டம் தேர்ந்தெடுத்தது. அதற்குப் பிறகு 'ஓல்ட் ஜாய்'க்குத் திரும்பி வருகிறவர்கள் அரசியலைத் தேடி வருவதில்லை, அந்த இருவரைத் தேடி வருகிறார்கள்.

எனக்கு இப்போது கர்ட்தான் முக்கியம். அன்றைய எழுத்துகளில் அவன் பெரும்பாலும் காலத்தோடு ஒட்டாதவன், வளர மறுத்தவன். ஆனால் நெருப்பு மூட்டி உட்கார்ந்த அந்த இரவில், நமக்குள் ஏதோ வந்துவிட்டது, எனக்கு அது பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொல்பவன் அவன். மார்க், அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று மழுப்புகிறான். கர்ட்டும் உடனே பின்வாங்கி, நான்தான் உளறுகிறேன் என்று சமாளிக்கிறான். வீடு, மனைவி, வேலை, வரப்போகும் குழந்தை எல்லாம் மார்க்கிடம் இருக்கின்றன. கேட்கிற துணிச்சல் மட்டும் வேலையும் வீடும் இல்லாதவனிடம் இருந்தது. கேட்டவனைப் பரிதாபத்துக்குரியவன் என்றும் மழுப்பியவனை முதிர்ந்தவன் என்றும் எழுதியது அநியாயம்.