ஆள் கிடைக்கவில்லையாம்!

நம் ஐடி தலைவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தெருவுக்கு நாலு பொறியியல் பட்டதாரி இருக்கிற நாட்டில் அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லையாம். ‘டேலண்ட்’ இல்லையாம். எந்த மேடை ஏறினாலும் இதே ஒப்பாரி.

என்ன விலைக்குத் தேடுகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேர்கிறவருக்கு ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சம். பத்தாண்டுக்கும் மேலாக அதே இடத்தில் நிற்கிறது. இதற்குள் பெருங்குடியில் ஒற்றை அறை வாடகை எங்கோ போய்விட்டது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆறரை லட்சம் என்று சொல்லிக் காக்கவைத்திருந்தவர்களிடம் மூன்றரைக்கு வருகிறீர்களா என்று கேட்டது. 2024இல் காக்னிசன்ட் 2.52 லட்சத்துக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்து ஊரே சிரித்ததும், அது பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கான சம்பளம் என்று விளக்கம் தந்தார்கள். அப்படியா, அவர்களுக்குப் பசி கொஞ்சம் குறைவு போலிருக்கிறது.

மேல்மாடியில் மட்டும் விலைவாசி புரிகிறது. 2024-25இல் இன்ஃபோசிஸ் தலைமை நிர்வாகி சலில் பரேக் பெற்றது 80 கோடி ரூபாய்க்கும் மேல். மூன்றரை லட்சக்காரர் அந்த ஓராண்டுப் பணத்தைப் பார்க்க 2300 வருஷம் வேலை செய்ய வேண்டும். அசோகர் காலத்திலேயே கழுத்தில் ஐடி கார்டு மாட்டியிருந்தால் இப்போது கணக்குத் தீர்ந்திருக்கும். அதே கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்திதான் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023இல் அருள்வாக்குச் சொன்னார். உழைக்கலாம். சம்பளம் என்னவோ அதேதான்.

சரி, திறமை இல்லையென்றால் சொல்லிக்கொடுக்கலாமே? கொடுத்தார்கள், இன்ஃபோசிஸின் மைசூர் வளாகத்தில். 2022இல் வேலைக்கு எடுத்த பிள்ளைகளை இரண்டு வருஷத்துக்கும் மேல் வீட்டில் உட்காரவைத்தார்கள். ‘எப்பம்மா கூப்பிடுவாங்க?’ என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்குப் பயந்து அந்தப் பிள்ளைகள் கல்யாண வீடுகளுக்குக்கூடப் போயிருக்க மாட்டார்கள். ஒருவழியாக 2024 அக்டோபரில் சேர்த்துக்கொண்டார்கள். 2025 பிப்ரவரியில், மூன்று வாய்ப்புக் கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை என்று 300 பேருக்கு மேல் வெளியே அனுப்பினார்கள். அன்று மாலைக்குள் வளாகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள் என்று அந்தப் பிள்ளைகளே சொன்னார்கள். இரண்டு வருஷம் காத்திருந்தவனுக்கு, பெட்டி கட்ட ஒரு ராத்திரி அவகாசம் இல்லை.

டிசிஎஸ்ஸில் கடிகாரம் வேறு மாதிரி ஓடுகிறது. 2025 ஜூனில் புது விதி: புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருப்பது ஆண்டுக்கு 35 நாளைத் தாண்டக் கூடாது. ஆக, கம்பெனி ஆளை வருஷக்கணக்கில் காக்கவைக்கலாம். ஆள் கம்பெனியை 36ஆம் நாள் காக்கவைத்தால் குற்றம். அடுத்த மாதமே சுமார் 12,000 பேரை நீக்கப்போகிறோம் என்றார்கள். ஏஐ காரணமில்லை, திறன் பொருந்தவில்லை என்றார் தலைமை நிர்வாகி. அந்த அறிவிப்புக்குச் சற்று முன் முடிந்த காலாண்டின் நிகர லாபம் 12,760 கோடி. வகுத்துப் பாருங்கள்: நீக்கப்படும் தலைக்கு ஒரு கோடிக்கு மேல். அந்தப் பணத்தில் ஒரு மனுஷனுக்கு ஒரு புது கணினி மொழி கற்றுக்கொடுக்க முடியாதா? இருபது வருஷம் அவரை ஒரே வாடிக்கையாளரின் பழைய மென்பொருளுக்கு ஒட்டுப் போட வைத்தது யார்? அந்தப் புராஜெக்டை அவரா தேர்ந்தெடுத்தார்? விதைநெல்லைக் குத்தித் தின்றுவிட்டு வயலைத் திட்டுகிற கதைதான்.

துறை முழுக்கத் தொழிற்சங்கங்கள் சொல்லும் ஒரு காட்சி உண்டு. பெயர் போட்டு அழைப்பு வரும். மீட்டிங் ரூமில் ஹெச்ஆர் இரண்டு பேர். மேஜையில் தண்ணீர் பாட்டில். ‘நீங்களே ரிசைன் பண்ணிட்டா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நல்லா வரும் சார்.’ வீட்டுக்கடன் தவணை ஐந்தாம் தேதி. கையெழுத்துப் போடுவார். அந்தக் காகிதத்தின்படி அவர் ‘தாமாக விலகியவர்’. அப்புறம் தலைவர் மேடை ஏறிக் கண்கலங்குவார்: அனுபவசாலிகள் நம்மை விட்டுப் போகிறார்களே!

திறமை கூடுதலாக இருந்தாலும் ஆபத்துதான். 2022இல் போட்டிக் கம்பெனிகளுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாக விப்ரோ 300 பேரை நீக்கியது. ஒப்பந்த மீறல், சரி. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனிக்குத் தேவைப்பட்ட 300 பேர் கைவசம் இருந்தும், ஒரு சம்பளத்தில் அவர்களைக் கட்டிவைக்கத் தெரியவில்லை என்பதையும் எந்த மேடையிலாவது சொல்லுங்கள்.

இந்தக் கம்பெனிகளுக்காகத் தமிழ்நாடு அரசு ‘நான் முதல்வன்’ என்று நம் வரிப்பணத்தில் பயிற்சி கொடுக்கிறது. கல்லூரிகள் இந்தத் தலைவர்களைப் பட்டமளிப்பு விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகின்றன. இனி அப்படி ஒருவர் வந்து மைக்கைப் பிடித்து ‘டேலண்ட் இல்லை’ என்று ஆரம்பித்தால், மாணவர்களே, எழுந்து கேளுங்கள்: ‘ஐயா, பத்து வருஷத்துக்கு முன்னாடி புதுசா சேர்ந்தவங்களுக்கு என்ன கொடுத்தீங்க? இப்ப என்ன கொடுக்கறீங்க? உங்களுக்கு எவ்வளவு?’ பதில் வருகிறவரை பொன்னாடையை மடித்து வையுங்கள்.