ரீச்சரின் புளியும் மாஸ்ரரின் குத்தியும்

உடையார்கட்டுச் சந்தியில் யாரிடம் கேட்டாலும் மாஸ்ரர் வீட்டைக் காட்டுவார்கள். கூடவே ஒரு புத்திமதியும் வரும்: "பொக்கற்றிலை சில்லறை கிடந்தா எடுத்து வைச்சிட்டுப் போங்கோ." ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் அவர். வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணி வேணுமோ என்று கேட்பதற்கு முன் காசுக் குத்தி இருக்கோ என்று கேட்கிற ரகம்.

அண்மையில் கனடாவிலிருந்து அவருக்கு ஒரு சலஞ்ச் கொயின் வந்தது. அங்கே பொலிஸில் சேர்ந்த மருமகன் அனுப்பியது. பத்து ரூபாய்க் குத்தியை விட நல்ல பெரிசு, கனம். நடுவே நீல எனாமல், விளிம்பைச் சுற்றி முறுக்குக் கயிற்று வேலைப்பாடு. "எத்தினை டொலர் பெறும்?" என்று முதலில் கேட்டவர் ரீச்சர், அதாவது மாஸ்ரரின் மனைவி. ஒரு சதமும் பெறாது. எந்தக் கடையிலும் செல்லாது. இன்ன படையைச் சேர்ந்தவர், இன்ன பொலிஸ் பிரிவுக்காரர் என்பதற்கு அடையாளமாகக் கொடுப்பது. அமெரிக்கப் படைகளில் வேர்விட்ட வழக்கம். ஒருவர் தன்னுடையதை எடுத்து மேசையில் தட்டினால் மற்றவர்களும் தட்ட வேண்டும். கொண்டுவர மறந்தவர் எல்லோருக்கும் குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும். முதலாம் உலகப் போரில் எதிரியிடம் அகப்பட்ட விமானி ஒருவர் இப்படியொரு குத்தியைக் காட்டி உயிர் தப்பினார் என்று ஒரு கதையும் உண்டு. கதை ருசியானது. ஆதாரம் கேட்கக் கூடாது.

மாஸ்ரர் அந்தச் சட்டத்தைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் அமுல்படுத்திப் பார்த்தார். எடுத்தார், மேசையில் தட்டினார். சுற்றியிருந்தவர்கள் ஆளுக்கொரு பத்து ரூபாய்க் குத்தியை எடுத்துப் பதிலுக்குத் தட்டினார்கள். அவர்களுடையது கடையில் செல்லும், மாஸ்ரருடையது செல்லாது. பிளேன்ரீக் கணக்கு மாஸ்ரர் தலையில் விழுந்தது.

இதற்குக் கிட்டின சொந்தம் இலங்கையிலும் உண்டு. 50ஆவது ஆண்டு நிறைவுக்கென்று தரைப்படைக்கு 1999இலும் கடற்படைக்கு 2000இலும் விமானப்படைக்கு 2001இலும் மத்திய வங்கி ஒரு ரூபாய்க் குத்திகள் வெளியிட்டது. மாஸ்ரரிடம் அவை இல்லை. அந்தப் போர்க்கால வருசங்களில் வன்னியிலிருந்து அவற்றைச் சேர்த்திருந்தால், ஏன் சேர்த்தேன் என்று விளக்கம் சொல்லியே ஆயுசு முடிந்திருக்கும்.

2009 ஜனவரியில் உடையார்கட்டையும் உள்ளடக்கிப் பாதுகாப்பு வலயம் அறிவித்தார்கள். அதன் பிறகு நடந்தது ஊரறிந்தது. ஓடுகிற சனம் அரிசியையும் அடையாள அட்டையையும் தூக்கும். இரண்டு சதக் குத்திகளைத் தூக்காது. மாஸ்ரர் தன் சேகரிப்பை பிஸ்கட் ரின்னோடு வீட்டுக் கோடியில் தாட்டுவிட்டுப் போனார். மீளக் குடியேறி வந்து கிண்டியபோது ரின் கறளாய் உதிர்ந்தது. உள்ளே கிடந்தது எட்டாம் வகுப்பு விஞ்ஞானம். செப்புக்காசெல்லாம் பச்சை. அலுமினிய இரண்டு சதத்தில் வெள்ளை மா. 2005இல் வந்த, உருக்கின் மேல் பித்தளை பூசிய ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் கறள் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. 1957 புத்த ஜயந்திக்கு வந்த வெள்ளி ஐந்து ரூபாய் கன்னங்கரேல். செம்பும் நிக்கலும் கலந்த குத்திகள் மட்டும்தான் ஆள் அடையாளம் தெரிந்தன. அவற்றில் ஒன்று, 1987இல் வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டை ஒட்டி வெளிவந்த சதுரப் பத்து ரூபாய். கூரை பறந்த வீட்டின் கோடியில் அது மட்டும் சேதமில்லாமல் குடியிருந்திருக்கிறது.

மண் விட்டுவைத்ததை வீடு விட்டுவைக்கவில்லை. "இஞ்சருங்கோ, குத்துவிளக்கு மினுக்கிற கையோடை இதையும் புளி போட்டு மினுக்கி விடட்டே?" என்றார் ரீச்சர். மாஸ்ரர் வாய் திறப்பதற்குள் விக்டோரியா மகாராணி தலை போட்ட செப்பு ஒரு சதம் புதுமணப்பெண் நிறத்துக்கு வந்துவிட்டது. புளியின் அமிலம் பச்சையோடு நிற்காது; நூறு வருசமாகப் படிந்த மண்ணிறப் படையையும் கழற்றிவிடும். செம்பைக் காக்கிறதே அந்தப் படைதான். சேகரிப்பவர்கள் விலை கொடுப்பதும் அதற்குத்தான். பொச்சு தேய்த்த தேய்ப்பில் மகாராணிக்கு மூக்கும் இல்லை.

"இஞ்சை பாரும், இனி இந்த லாச்சியிலை கை வைக்கப்படாது" என்று மாஸ்ரர் பூட்டுப் போட்டார். திறக்கிறபோது அவரே ஒரு சடங்கு செய்கிறார். சோப் போட்டுக் கை கழுவித் துடைத்து, குத்தியின் முகத்தில் விரல் படாமல் விளிம்பில் பிடிக்கிறார். வியர்வை பட்ட இடத்தில் கைரேகை காலத்துக்கும் நிற்குமாம். மண் ஒட்டியிருந்தால் கராஜிலிருந்து வாங்கிவந்த பற்றரித் தண்ணியில் ஊறவைக்கிறார். அமிலமில்லாத, வெறும் காய்ச்சி வடித்த தண்ணிதானா என்று லேபலைப் பார்த்த பிறகுதான். பிறகு பழைய பருத்திச் சட்டைத் துண்டால் ஒற்றியெடுப்பார், தேய்க்க மாட்டார். மழைக்கோட்டு மணம் வீசுகிற பீ.வீ.சீ. அல்பம் அவருக்கு ஆகாது. வன்னி வெக்கையில் அந்தப் பிளாஸ்ரிக் கசிந்து குத்திமேல் பச்சைப் பிசினாகப் படியும். றப்பர் பாண்டும் கூடாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். ஊரில் யார் புதுச் சப்பாத்து வாங்கினாலும் பெட்டிக்குள் கிடக்கிற சிலிக்கா ஜெல் பைக்கற் மாஸ்ரருக்குச் சேரும்.

கனடாக் குத்தி எந்த அல்பத்திலும் அடங்கவில்லை. பில் கிளின்டனின் வெள்ளை மாளிகை ஓவியத்தில் அவருக்குப் பின்னால் சலஞ்ச் கொயின்கள் வரிசையாகத் தட்டில் நிற்பதை மாஸ்ரர் கண்டு, தச்சாசாரியிடம் காடி வெட்டிய பலகை ஒன்று செய்வித்தார். வார்னிஷ் மணம் போகுமட்டும் பலகை விறாந்தையில் காய்ந்தது. பிறகு ஹோல் சோகேஸில், வெயில் படாத தட்டில், உடுப்புப்போட்ட பொம்மைக்கும் மகளின் நெற்போல் கப்புக்கும் நடுவில் இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை பார்த்தால் நீல எனாமலில் சந்தனப் பொட்டு. ரீச்சர் புளி போடவில்லை என்பதால் மாஸ்ரர் வாய் திறக்கவில்லை.

25 மாவட்டங்களுக்கும் ஒவ்வொன்றாக மத்திய வங்கி வெளியிட்ட, 2013 என்று பொறித்த பத்து ரூபாய்க் குத்திகளைத்தான் இப்போது அவர் தேடுகிறார். முல்லைத்தீவு மூன்று வைத்திருக்கிறார். மொனராகலை ஒன்றுகூட இல்லை. வைத்திருப்பவர்கள் உடையார்கட்டுப் பக்கம் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். தயவுசெய்து கழுவாமல் கொண்டு வாருங்கள்.