குறை சொல்ல முடியாத தகப்பன்

ஏற்காட்டுச் சேர்வராயன் கோயில் வாசலில்தான் உங்களைப் பார்த்தேன். பேர் தெரியாது, ஊர் தெரியாது. வெள்ளை நிறப் புதுக் கார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை. முன்பக்கம் சாமந்தி மாலை. டிரைவர் சீட்டில் உங்கள் பையன். நான்கு சக்கரத்துக்கும் அடியில் நீங்களே குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தீர்கள். நான்காவது பழம் சரிவில் உருண்டு ஓடியது. எழுந்து போய் எடுத்துவந்து, வேட்டி மண்ணில் புரள, மறுபடி குனிந்து வைத்தீர்கள். ஒரு தகப்பன் மகனுக்காக அப்படிக் குனிவதைப் பார்க்க மனசு நெகிழ்ந்தது. உங்கள் பாசத்தில் ஒரு குறையும் இல்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பூசாரி கேட்டார்: "வண்டி யாரு சாமி ஓட்டறது?"

"பையந்தாங்க. பதினேழு நடக்குது, பிளஸ் டூ. பொறந்தநாளுக்கு எடுத்துக் குடுத்தது. சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் அவனே ஓட்டிக்கிட்டு வந்தாங்க."

நீங்கள் அதைச் சொன்னபோது உங்கள் முகத்தில் இருந்த பெருமை பொய்யில்லை. பூசாரி ஸ்டியரிங்கில் சந்தனம் வைத்துவிட்டு, பையன் நெற்றியில் வைக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தார்.

அந்தக் கோயில் ஒரு குகை. சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ளே இருக்கிறார்கள். இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்குக் குலம் காக்கும் சாமி. கூரை தாழ்வானது, கலெக்டர் வந்தாலும் கூலிக்காரர் வந்தாலும் முதுகை வளைத்துத்தான் உள்ளே போக வேண்டும். உங்கள் பையனுக்கு அந்தச் சிரமமும் வேண்டாம் என்று நினைத்தீர்கள். அவன் ஏசியை விட்டு இறங்கவில்லை. நீங்கள் உள்ளே போய், அவனுக்கும் சேர்த்துக் கும்பிட்டு, திருநீறும் தேங்காய்ச் சில்லும் கொண்டுவந்து கண்ணாடி வழியாக நீட்டினீர்கள். அவன் போனைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டான். மகனுக்காகச் சாமியிடமும் குனிகிற தகப்பனை இந்த மலையில் நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

கோயில் மேட்டிலிருந்து வடக்கே பார்த்தால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், தருமபுரிச் சமவெளி தெரியும். அதுதான் பழைய தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். அவனுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை புறநானூற்றில் இருக்கிறது. தொண்டைமான் தன் ஆயுதக் கொட்டிலைக் காட்டினான். ஔவை அதைப் பாராட்டினார். மாலை சூட்டி, நெய் பூசி, காவலுக்குள் எவ்வளவு அழகாக இருக்கின்றன இவன் ஆயுதங்கள்! அதியமானுடையவையோ போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. பள்ளிக்கூடத்தில் இதை வஞ்சப்புகழ்ச்சி என்று சொல்லித்தந்தார்கள். எனக்கு அதில் வஞ்சம் தெரிந்ததேயில்லை. ஔவை பொய் ஒன்றும் சொல்லவில்லையே. அந்த ஆயுதங்கள் நிஜமாகவே பளபளத்தன. உங்கள் வண்டியும் அப்படித்தான். ஒரு கீறல் இல்லை. நான்கு டயரிலும் ரப்பர் முள் உதிரவில்லை. மாலையும் சந்தனமுமாக அவ்வளவு அழகாக நின்றது.

என் முதல் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாருதி 800, இரண்டாம் கை. 1983 டிசம்பரில் முதல் வண்டியின் சாவியை இந்திரா காந்தி கொடுத்த படம் பத்திரிகையில் வந்தபோது நான் காலேஜ் மாணவன். அந்தப் படத்தைப் பார்த்துப் பதின்மூன்று வருஷம் கழித்து, முப்பத்து மூன்று வயதில், பி.எஃப். கடன் போட்டு வாங்கினேன். வலது பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது. என் அப்பா அந்தக் காரைச் சுற்றி வந்தார், பானட்டைத் தொட்டுப் பார்த்தார், "லைசென்ஸ் எங்கே, காட்டு" என்றார். காட்டிய பிறகுதான் ஏறி உட்கார்ந்தார். அப்பாவிடம் உங்கள் தாராளம் கிடையாது. சைக்கிள் கேட்டதற்கே இரண்டு வருஷம் காக்கவைத்தவர்.

கார் ஓட்டச் சொல்லித்தந்தவர் சேலத்தில் ஒரு வாத்தியார். பழைய அம்பாசிடர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர். சமதளத்தில் ஆறு மாதம் ஓட்டாதவனை மலைப்பக்கமே விடமாட்டார். ஏற்காட்டு அடிவாரத்தில் முதல் நாள் வண்டியை ஏற்றத்தில் நிறுத்தச் சொல்லி, பின்டயருக்கு நாலு விரல்கடை தள்ளி ஒரு தீப்பெட்டியை வைத்தார். "ஹேண்ட் பிரேக்கை விடு, ஹாஃப் கிளட்ச்சுல எடு. தீப்பெட்டி நசுங்கக்கூடாது." பதினோரு தீப்பெட்டி நசுங்கியது. பன்னிரண்டாவது நின்றது. அன்றைக்கு அவர் சொன்னவை இரண்டே விஷயம். ஏறுகிற கியரிலேயே இறங்கணும், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிச் செத்துவிடும். இன்னொன்று, ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன் வழிவிடணும். நின்றுபோனால் மறுபடி எடுக்க ஏறுகிறவனுக்குத்தான் கஷ்டம். இந்த இரண்டாவது விஷயம் சாலை விதிகளிலேயே இருக்கிறது.

கார் வாங்கிய மாதம் குடும்பத்தோடு இதே கோயிலுக்கு வந்தோம். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து நின்றது. வண்டி பின்னால் சரியத் தொடங்கியதும் என் மனைவி குதித்து இறங்கி ஓரத்துக் கல்லைப் புரட்டி டயருக்குக் கொடுத்தாள். எட்டு வயது மகள் தன் பங்குக்கு ஒரு சின்னக் கல்லை இரண்டு கையாலும் தூக்கிவந்து பக்கத்தில் வைத்தாள். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம், வண்டி ஆறும்வரை. அந்த வளைவில் எத்தனை சில்வர் ஓக் மரம் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியும். உங்கள் பையனுக்கு அப்படி ஒரு மணி நேரம் வரக்கூடாது என்று நினைத்து, கொதிக்காத வண்டியாக, கிளட்ச்சே இல்லாத ஆட்டோமேட்டிக்காகப் பார்த்து வாங்கியிருக்கிறீர்கள். அவனுக்கு நீங்கள் எல்லாமே கொடுத்துவிட்டீர்கள், காத்திருப்பு ஒன்றைத் தவிர.

சட்டமும் உங்களை மறக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பதினெட்டு நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், எனக்குத் தெரியாது என்றோ தடுக்க வேண்டிய முயற்சியெல்லாம் எடுத்தேன் என்றோ நிரூபிக்காதவரை, பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி. மூன்று வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. ஒன்றும் நடக்காமலே இருந்தாலும், பதினெட்டு நிரம்பும்வரை பொறுத்தால் முறையாகக் கிடைக்கக்கூடிய உரிமையை ஏழு வருஷம் தள்ளிப்போகும் ஆபத்தில் வைத்திருக்கிறீர்கள். யாருக்காவது அடிபட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு லைசென்ஸ் இல்லையென்று காட்டி உங்களிடம் வசூலிக்க முடியும். நீங்கள் தயங்காமல் கொடுப்பீர்கள். அவனுக்காக எதைக் கொடுக்கத் தயங்கியிருக்கிறீர்கள்?

புனே கல்யாணி நகரில் 2024 மே 19 அதிகாலை நடந்ததை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். போர்ஷே கார், ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வயது பதினேழு. பைக்கில் போன இரண்டு இளம் சாஃப்ட்வேர் என்ஜினியர்கள் இறந்துபோனார்கள். சில மணி நேரத்திலேயே ஜாமீன் கிடைத்தது. விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னது அதில் ஒரு நிபந்தனை. ஊரே கொதித்த பிறகுதான் அந்த உத்தரவு மாறியது. தகப்பனும் கைதானார். அவ்வளவு விலையுயர்ந்த வண்டிக்கு 1,758 ரூபாய் கட்டணம் கட்டாததால் பதிவு முடியாமல் கிடந்தது என்று போக்குவரத்துத் துறை சொன்னது. நான் யோசித்துக்கொண்டிருப்பது அந்த இரண்டு பேரின் வீட்டைத்தான். அங்கேயும் ஒரு தகப்பன் இருந்திருப்பார், பிள்ளை கேட்டதைக் கொடுக்க முடிந்தும் முடியாமலும்.

நீங்கள் இறங்கும்போது உங்களுக்குப் பின்னால் நான் வந்தேன். பையன் துணிச்சல்காரன், அதில் சந்தேகமில்லை. வளைவுக்கு வளைவு உங்கள் பிரேக் விளக்கு அணையவேயில்லை. கொஞ்ச தூரத்திலேயே கருகிய வாசம் என் வண்டிக்குள் வந்துவிட்டது. ஒரு வளைவில் காப்பி மூட்டை ஏற்றிய ஜீப் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் பையன் ஹாரனை அழுத்தியபடி நடுரோட்டிலேயே வந்தான். ஜீப் நின்றது, பாரத்தோடு பின்னால் உருண்டது, கிளீனர் பையன் குதித்துக் கல்லோடு ஓடினான். அவனுக்கும் உங்கள் மகன் வயதுதான் இருக்கும். உங்கள் வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் போனை உயரப் பிடித்து மகன் ஓட்டுவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். அவனுடைய ஒவ்வொரு அசைவையும் கண்ணிமைக்காமல் பார்த்தீர்கள். ஜீப்பைப் பார்க்க உங்களுக்கு நேரமில்லை.

அதற்கடுத்த வளைவில் ஒரு கிழவி, தலையில் விறகுக்கட்டு. உங்கள் வண்டிச் சத்தம் கேட்டதும் மண்சரிவோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். நீங்கள் போய்விட்டீர்கள். நான் நிறுத்தி, "போங்கம்மா" என்று கையைக் காட்டினேன். அவள் அசையவில்லை. கீழே, உங்கள் ஹாரன் இன்னும் இரண்டு வளைவு தாண்டிக் கேட்கிறவரை, விறகுக்கட்டை ஒரு கையால் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.