படத்துக்கு எவ்வளவு?

கோவில்பட்டியில் கூலி என்றால் குரோஸ் கணக்கு. 144 தீப்பெட்டி ஒரு குரோஸ். பெட்டி ஒட்டினாலும் கட்டை அடுக்கினாலும் எத்தனை முடித்தோமோ அத்தனைக்குக் காசு. இதிலேயே ஊறிப்போனதால், மாதச் சம்பளக்காரரைக் கண்டால்கூட அவரை முப்பதால் வகுத்துப் பார்க்காமல் எங்கள் ஆட்களுக்கு இருப்புக் கொள்ளாது. தாசில்தாரோ வங்கி மேலாளரோ, "நாளைக்கு என்ன விழும்?" என்பதுதான் முதல் விசாரணை. சினிமா நடிகர் மட்டும் தப்பிவிடுவாரா?

பத்திரிகையில் நாலு கட்டுரை எழுதிய குற்றத்துக்காக இந்த விசாரணைகளுக்கெல்லாம் நான்தான் சாட்சி. நடிகர்களோடு நான் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்பது எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சியின் நம்பிக்கை. மறுத்தால், "வெளிய சொல்லக்கூடாதுன்னு சொல்லிருப்பாக" என்று இன்னும் பலமாக நம்புகிறார்.

பெரிய கதாநாயகர்களின் சம்பளத்தை அவர் என்னிடம் கேட்பதில்லை. அதெல்லாம் அவருக்கே தெரியும். உறுத்தல் முழுக்க குணச்சித்திர நடிகர் சார்லி விஷயத்தில்தான். சார்லி எங்கள் ஊர்க்காரர். பிறந்தது விருதுநகரில், ஆனால் பள்ளிக்கூடமும் ஜி.வி.என். கல்லூரியும் கோவில்பட்டி. விருதுநகர் அவருக்கு உரிமை கொண்டாடுவதை இங்கே யாரும் சட்டை செய்வதில்லை. இயற்பெயர் மனோகர். மிமிக்ரி செய்து கைதட்டு வாங்கிய பையன், மத்திய அரசின் பாடல், நாடகப் பிரிவில் மேடை நடிகரானார். 1983-ல் கே. பாலசந்தரின் 'பொய்க்கால் குதிரை' மூலம் சினிமாவுக்குள் வந்தார். சாப்ளின் நினைவாகச் சார்லி என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது.

இதை அண்ணாச்சிக்கு விவரித்தபோது பாலசந்தர் அவர் காதில் ஏறவில்லை. "சென்ட்ரல் கவர்மென்ட்டா? அதையா விட்டுட்டுப் போனாக?" என்றார். நாற்பது வருடம் தாமதமாக வந்தாலும் அந்த வருத்தம் கலப்படமில்லாதது. "இந்நேரம் பென்ஷன் வந்திருக்குமே தம்பி."

பிறகு கணக்கில் இறங்கினார். "எண்ணூறு படத்துக்கு மேலங்காக. படத்துக்கு ஒரு லட்சம்னு கொறச்சே வைப்போம். எட்டுக் கோடி." அந்த ஒரு லட்சம் பருப்பு நிறுத்துக்கொண்டே அவர் வாயில் பிறந்தது. அடுத்த வாரம் முடிவெட்டும் கடையில் கத்தரிக்கோலுக்குக் கீழே நான் தலை குனிந்திருந்தபோது, "சார்லிக்கு எட்டுக் கோடியாமே" என்று அது என்னிடமே திரும்பி வந்தது. நடிகர்களின் சொத்து மதிப்பு என்று நாட்டில் உலவும் எண்களில் பாதியாவது ஏதோ ஒரு மளிகைக் கடையில் பிறந்தவை என்று அன்று முதல் நம்புகிறேன்.

உள்ளதைச் சொல்லிப் பார்த்தேன். குணச்சித்திர நடிகருக்குப் பெரும்பாலும் நாள் சம்பளம் அண்ணாச்சி. முன்பணம் கொடுத்த கம்பெனி படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டால் மிச்சம் காற்றோடு போச்சு. படம் முடிந்தாலும் டப்பிங் அன்றைக்கு பாக்கியை வாங்கினால் உண்டு. குரல் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் தயாரிப்பாளரின் செல்போனுக்கு டவர் கிடைக்காது. வருகிற சம்பளத்திலும் வருமான வரிக்கு 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். "பேட்டா?"

"அது கையில தந்துருவாங்க."

"அப்ப அதையும் சேத்துக்கோ." கணக்கு ஏறிவிட்டது.

தொலைக்காட்சியால் வந்த சண்டை வேறு. 2001-ல் வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்தை ஏதாவது ஒரு சேனல் ஏதாவது ஒரு மதியத்தில் இன்னும் போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. காண்ட்ராக்டர் நேசமணியாக வடிவேலு, கூடவே மாட்டிக்கொண்டு முழிக்கும் கோபாலாக சார்லி. தலையில் சுத்தியல் விழுந்து 18 வருடம் கழித்து, 2019 மே மாதம், நேசமணி பிழைக்க வேண்டும் என்று ட்விட்டரில் உலகமே பிரார்த்தனை செய்தது. ஒவ்வொரு தடவை போடும்போதும் நடிகர்களுக்கு ஒரு தொகை வந்து விழும் என்பது அண்ணாச்சியின் எண்ணம். இங்கே அந்த வழக்கம் இல்லை, அன்றைக்குப் பேசிய சம்பளத்தோடு சரி என்றேன். ஹாலிவுட்டில் அந்த மறு ஒளிபரப்புக் காசு உண்டு. இணையத்தில் ஓடுவதற்கும் ஒழுங்காகக் கொடு என்று 2023-ல் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்றும் சொன்னேன்.

"அதெப்படி நியாயம்? நம்ம பிள்ளைய ஒட்டின பெட்டிய வாங்கிட்டுப் போனவன், குச்சி உரசும்போதெல்லாம் காசு அனுப்புதானா?"

தொழிற்சங்கத்தார் யாராவது இதற்குப் பதில் வைத்திருந்தால் எனக்கு எழுதலாம். என்னால் முடிந்தது, பெட்டி விலைக்குப் பேச்சைத் திருப்பியதுதான். 2007-ல் ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆவதற்கு 2021 டிசம்பர் வரை, 14 வருடம், காத்திருந்தது. அந்த 14 வருடமும் ஒரே சம்பளத்துக்கு நடித்த கதாநாயகன் ஒருவரைக் காட்டுங்கள், அவருக்குக் கடலைமிட்டாயில் மாலை போடலாம்.

பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் பணம் ஒரு பொருட்டில்லை. யார் யாரோடு பேசவில்லை, யார் வீட்டில் விவாகரத்து, இதுதான் சினிமா. சார்லி பேரைச் சொன்னதும் யோசித்தாள். "நாப்பது வருசமா இருக்காங்க. ஒரு சங்கதியும் காதுல விழலையே? அப்ப என்னத்த நடிச்சான்?" 'மாநகரம்' படத்தைப் போட்டுக் காட்டினேன். சென்னைக்குப் புதிதாக வந்து வழி தெரியாமல் திணறும் டாக்ஸி ஓட்டுநராக அவர் வந்து நின்றதும் ஆச்சி மூக்கை உறிஞ்சத் தொடங்கினாள். படம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது நெசமாவே டிரைவர்லா. நான் நடிகனக் கேட்டேன்" என்றாள். அவருக்கு இதைவிடப் பெரிய விருது யாரும் கொடுத்துவிட முடியாது, கூடவே ஒரு ரூபாயும் கிடையாது.

நடிகர்கள் சம்பாதிப்பதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்பவர்களை நான் கயத்தாறுக்குப் பேருந்து ஏற்றிவிடுவேன். 1799 அக்டோபர் 16-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். 1959-ல் திரையில் கட்டபொம்மனாக நின்ற சிவாஜி கணேசன், அங்கே சொந்தக் காசில் இடம் வாங்கி 1970-ல் சிலை வைத்தார். படத்தின் சண்டையை எடுத்தது ஜெய்ப்பூர்ப் பக்கம். பாஞ்சாலங்குறிச்சிச் சண்டைக்கு ராஜஸ்தானா என்று கோபப்படுகிறவர்கள், மழை பெய்த மறுநாள் எங்கள் கரிசலில் ஒரு குதிரையை இறக்கிப் பார்க்கட்டும். கால் புதைந்து நிற்கிற குதிரை மேல் உட்கார்ந்துகொண்டு வரி, வட்டி, திறை எல்லாம் பேச முடியாது. அண்ணாச்சியும் ஒருமுறை சிலையைப் பார்த்துவிட்டு வந்து நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "நல்ல மனுசன்யா. நாலுவழிச்சாலைய ஒட்டி இருக்கு. இன்னைக்கு சென்ட் என்ன வெல போகும்?"

2019-ல் தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சார்லி முனைவர் பட்டம் வாங்கினார். மேடையில் பொன்னாடையோடு சேர்த்துப் போர்த்துகிற பட்டம் இல்லை. தமிழ் சினிமா நகைச்சுவை பற்றி உட்கார்ந்து ஆய்வு செய்து, 59 வயதில் வாங்கியது. செய்தியை அண்ணாச்சி கடையில் சத்தமாக வாசித்தேன். கருப்பட்டி வாங்க வந்திருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிஎச்.டி. முடிச்சா எங்களுக்கு இன்கிரிமென்ட் உண்டு. அவருக்கு அதை எதுல சேர்ப்பாங்க?"

அண்ணாச்சி தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேட்டால சேப்பாக சார்."