ஏலே, படிவத்த இன்னும் கொஞ்சம் நீட்டு

ஏலே பேராண்டி, நேத்து நீ வாசிச்சுக் காட்டுன திட்டம் அருமையான திட்டம்லே. ஃபெடோரா லினக்ஸ் புதுசா வெளிய வாரதுக்கு முந்தி அதச் சோதிச்சுப் பாக்க, உலகத்துல உள்ள ஆளுகள எல்லாம் ஒண்ணாச் சேக்கப் போற. சம்பளம் கெடையாது, சாப்பாடும் கெடையாது. வாரவன் முதல்ல பேரப் பதியணும், மெயிலுக்கு வந்த நம்பரப் போடணும், ரெண்டு பக்கப் படிவத்த நிரப்பணும், பிறவு பயிற்சி வீடியோ பாக்கணும். இம்புட்டையும் தாண்டி ஒருத்தன் நிக்கான்னா, பொண்டாட்டி கோவிச்சிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டான்னு அர்த்தம். நீ எதுக்கும் இன்னும் நாலு கேள்வி கூட்டிக்கிடு. குலதெய்வம் எதுன்னு கேக்க விட்டுட்டியே.

ஃபெடோராகாரவ என்ன செய்யுதாவன்னு நீதான வாசிச்ச? விக்கிப் பக்கத்துல பெரிய பெரிய அட்டவணை. நிறுவுததுக்கு ஒண்ணு, டெஸ்க்டாப்புக்கு ஒண்ணு, சர்வருக்கு ஒண்ணு, கிளவுடுக்கு ஒண்ணு. சோதிச்சவன் அந்தந்தக் கட்டத்துல பாஸோ ஃபெயிலோ போட்டுத் தன் பேர எழுதிட்டுப் போயிருவான். பாக்க லெச்சணமாவா இருக்கு? இல்ல. ஆனா காலியாக் கெடக்குத கட்டம் கண்ணுல குத்தும்லா. உன் பலகையில பச்சை வட்டம் ஒண்ணு சுத்துது, 90 சதமானம் முடிஞ்சிட்டுங்கு. மிச்சம் 10 எதுன்னு கேட்டா வட்டம் வாயத் தெறக்க மாட்டேங்கு.

கல்யாண வீட்டு ஆக்குப்புரையில பாத்திருக்கியாலே? வடைக்கு உப்புப் பாக்க அம்புட்டுப் பேரும் வருவான், ரசத்துக்கு ஒருத்தனும் வரமாட்டான். இங்கயும் அதே கததான். வெர்ச்சுவல் மெசின்ல ஏத்தி, நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு அமுக்கி, பாஸ் போட ஆளு வரிசையில நிக்கும். விண்டோஸ் இருக்குத டிஸ்குலயே காலி எடத்துல ஃபெடோராவப் போட்டு, ரெண்டும் எந்திரிக்கான்னு பாருன்னா, அவனவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாயிரும். ஆனா அது ரெண்டும் எந்திரிக்கணும்னு இறுதி வெளியீட்டு விதியிலயே எழுதி வச்சிருக்காவ. அதனால வாரவன்கிட்ட, எதச் சோதிக்கப் பிரியம்னு கேட்டுறாத. வீட்டுல என்ன மெசின் கெடக்குன்னு கேளு. ராஸ்பெரி பை கெடக்குன்னானா, அதுக்கு ஏத்த காலிக் கட்டம் ஒண்ணே ஒண்ண எடுத்துக் கையில குடு. அரைமணி நேரத்துல முடியணும். ரெண்டாவது கட்டத்த அவனே கேப்பான், கேக்கலன்னாலும் ஒண்ணு லாபம்தான.

நெக்ஸ்ட் அமுக்குத சோலிக்குத்தான் ஓப்பன்கியூஏ இருக்கே. ஓப்பன்சூசேகாரவ ஆரம்பிச்சது, ஃபெடோராவுலயும் ஓட்டுதாவ. திரையப் பாத்து, வச்சிருக்குத படத்தோட ஒப்பிட்டுப் பாத்து, அதுவே அமுக்கிட்டுப் போவும். அது டீ கேக்காது, கோவிக்காது. ஆனா உங்க மாமா லேப்டாப்புல மூடியச் சாத்தித் தெறந்தா வைஃபை திரும்ப வருதான்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? நீ என்ன பண்ணிருக்க, மெசின் செய்யுத சோலிய மனுசனுக்குப் பிரிச்சுக் குடுத்துட்டு, மனுசன் பாக்க வேண்டியத அம்போன்னு விட்டுட்ட. இந்தச் சாமர்த்தியம் உங்க தாத்தா வழி.

போதின்னு ஒண்ணு வச்சிருக்காவளே, எனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சிருக்கு. அப்டேட் ஒவ்வொண்ணும் முதல்ல சோதனைக் கிட்டங்கியில கெடக்கும். போட்டுப் பாத்தவன், நல்லாருக்குன்னா +1, கெடுத்துப்போட்டுன்னா -1. அதுக்குப் பேரு கர்மா. வழக்கமா 3 சேந்தா வாசல் தெறக்கும், -3 ஆனா வந்த வழியப் பாத்துப் போவணும். நான் எழுவது வருசமா கோயில் கோயிலாச் சுத்துதேன், எனக்கு இப்பிடி ஒரு கணக்கு யாரும் சொல்லலியே! அதுலயும் ஒரு ஓட்டை உண்டு. என்ன செஞ்சு பாத்தோம்னு ஒரு வரி எழுதாம +1ஐ மட்டும் அமுக்கிட்டு ஓடுவான். ஒரே மாதிரி மெசின் வச்சிருக்குத மூணு பேரு அமுக்கிட்டா, எல்லாருக்கும் நல்லாருக்குன்னு ஆயிருமா? அந்த ஒரு வரியக் கேளு. உன் படிவத்துல அது மட்டும்தாம்லே இல்ல.

தங்கப் பதக்கம் வேற தொங்கவிட்டிருக்க. ஆரு அதிகம் சோதிச்சானோ அவனுக்காம். அப்பம் லேசான சோதனையவே நூறு தடவ பண்ணுவான், பதக்கத்த வாங்கிட்டுப் போவான். ரொம்ப நாளாக் காலியாக் கெடக்குத கட்டத்துக்கு வெல கூட வையேன்.

இன்னொண்ணு. வெளிய விடலாமா வேண்டாமான்னு வியாழக்கிழமை கூட்டம் போடுதாவ. சரின்னா வழக்கமா அடுத்த செவ்வாய்க்கிழமை வெளியீடு. கூட்டத்துக்கு முந்துன ராத்திரி புது ஆர்சி, அதாம்லே வெளிய விடத் தயாரு பண்ணுன பதிப்பு, ஒண்ணு வந்து எறங்குச்சுன்னா, அதுவரைக்கும் போட்ட பாஸ் எல்லாம் பழைய சரக்குக்குப் போட்டது. நீ என்னடான்னா ஒரே பொத்தான்ல அம்புட்டையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து பண்ணுங்கன்னு சொல்லுத. மாத்துனது பூட்லோடர் மட்டும்னா, பாட்டுக் கேட்டுப் பாத்தவன எதுக்குலே எழுப்புத? என்ன மாறுச்சு, எந்தச் சோதனை இன்னும் செல்லும், எத மறுபடி பண்ணணும்னு பிரிச்சுச் சொல்லத்தான உன் சிஸ்டம்? 2012 நவம்பர்ல வரவேண்டிய ஃபெடோரா 18, 2013 ஜனவரி 15க்குத்தான் வந்து சேந்துச்சு. நிறுவித் தாரதுக்கு அனகோண்டான்னு ஒண்ணு இருக்குல்லா, அதப் புதுசா மாத்தி எழுதுனாவ, அது லேசுல அடங்கல. அம்புட்டு வாரமும் ஏத்தி அழிச்சு ஏத்தி அழிச்சுப் பாத்தவன் மூஞ்சிய ஒருதரம் நெனச்சுப் பாத்துட்டு அந்தப் பொத்தான வையி.

அப்புறம், பிழை சொன்னவனுக்குப் பதில் போடுதது. ஒரு ஃபெடோராவுக்கு ஆயுசு ஏறக்குறைய 13 மாசம். அது முடிஞ்சதும், தீராமக் கெடக்குத பிழைக்கெல்லாம் ஒரே கடுதாசி போவும்: இந்தப் பதிப்புக்கு ஆயுசு முடிஞ்சிட்டு, அதனால இதையும் மூடுதோம்னு. தொண்டன் பாவம், நம்ம சொன்னத யாரோ பாத்துக்கிட்டிருக்காவன்னு அதுவரைக்கும் நம்பிக்கிட்டு இருந்திருப்பான். அந்தக் கடுதாசிக்கு முந்தி மனுசன் கைப்பட ஒரு வரி போனா, நீ சொன்னதாலதான் இது சரியாச்சுன்னோ, இது எங்களால முடியலன்னோ, அடுத்த தடவ அவன வெத்தலபாக்கு வச்சா கூப்பிடணும்?

சரி, உள்ள பரண்ல உங்க அத்தை மகன் போட்டுட்டுப் போன பழைய லேப்டாப்பு கெடக்கு. இவ்வளவு பேசிட்டேன், நானும் தொண்டு பண்ணுதேன். ஏத்திக் குடு. சத்தம் வரலன்னா எந்தக் கட்டத்துல எழுதணும், எழுதுனா ஆரு பாப்பா, எப்பம் பதில் வரும்? அத மட்டும் சொல்லிட்டுப் போ.

என்னலே, திருதிருன்னு முழிக்க?