உதிரித்திணை: மேற்கு மாம்பலத்துப் பரண்களை முன்வைத்து ஓர் ஆய்வு

ஐந்திணையோடு தமிழர் வாழ்வு முடிந்துவிட்டது என்று கருதுவோர் மேற்கு மாம்பலத்து அடுக்ககங்களில் ஸ்டூல் போட்டுப் பரண் ஏறிப் பார்த்ததில்லை. இனிமேல் கிடைக்காது என்று அஞ்சி, கிடைக்கும்போதே கார் உதிரிபாகங்களை வாங்கி அடுக்கும் ஒழுக்கத்தை இக்கட்டுரை ‘உதிரித்திணை’ என வகுக்கிறது. உரிப்பொருள், பதுக்கலும் பதுக்கல் நிமித்தமும். நிலம், மொட்டைமாடிக்கு நேர் கீழே வெந்துகொண்டிருக்கும் பரண். பெரும்பொழுது, கம்பெனி மூடும் காலம். சிறுபொழுது, மாமி அயோத்யா மண்டபத்துக்கு உபன்யாசம் கேட்கப் போயிருக்கும் சாயங்காலம். தெய்வம், புது வண்டிகள் எலுமிச்சம்பழம் நசுக்கிக் கும்பிடும் பல்லவன் சாலை பாடிகார்டு முனீஸ்வரர். விலங்கு, பெருச்சாளி, அதைப் பற்றிப் பின்னர்.

‘மகாவில்வம்’ திரிந்து ‘மாம்பலம்’ ஆயிற்று என்பார்கள். நான் மறுக்கிறேன். ‘மா பலம்’ என்று பிரித்து, ‘பெருத்த கையிருப்பு’ என்று பொருள் கொள்வதே பொருத்தம். சான்று வேண்டுவோர் சித்திரை மாதத்தில் இங்கே எந்த வீட்டிலாவது வடாம் டின்களை எண்ணிப் பார்க்கலாம்.

கள ஆய்வு எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடி மாமா வீட்டில் நடந்தது. வங்கியில் ஓய்வு பெற்றவர். ஃபோர்டு ஃபிகோ வைத்திருப்பவர். கீழடியில் குழி வெட்டுவதுபோல மேலிருந்து கீழாகப் போனோம்.

மேலடுக்கின் காலத்தைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். 2021 செப்டம்பர் 9 அன்று, இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. மறைமலை நகர் ஆலையிலிருந்து அடுத்த ஆண்டு கடைசி வண்டி வெளிவந்தது. சர்வீசும் ஸ்பேரும் தொடரும் என்று கம்பெனி சொல்லத்தான் செய்தது. மாமா அதை நம்பினார், நம்பிக்கொண்டே ஜி.பி. ரோட்டுக்குப் போனார். ஆயில் ஃபில்டர் 4, பிரேக் பேட் 3 செட், ஃபேன் பெல்ட் 2, கிளட்ச் பிளேட் 1, இடது பக்கக் கண்ணாடி 1.

“இடது மட்டும் ஏன் மாமா?”

“வலது இல்லேன்னுட்டான். கெடைக்கறச்சே இதையாவது வாங்கிட வேண்டாமா?”

நடு அடுக்கு 2014. அந்த ஜனவரியில் மாருதி 800 தயாரிப்பு நின்றது. மே மாதம் உத்தர்பாராவில் அம்பாசடர் ஆலையும் நின்றது. ஓட்டாத அம்பாசடருக்கும் மாமா ஒரு ஹார்ன் வாங்கியிருக்கிறார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லையாம்.

அடியடுக்கு அவருடைய அப்பாவின் காலம். சென்னையிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டின் பாகங்கள், கிரீஸ் தடவி, பழைய செய்தித்தாளில் சுற்றியவை. இந்த அடுக்கை மட்டும் கேலி செய்ய எனக்கு மனமில்லை. லைசென்ஸ் காலத்தில் காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். இறக்குமதிக்கு ஆயிரம் தடை. அன்று பதுக்கியவர் புத்திசாலி. கார் எப்போதோ கைமாறிவிட்டது. அதன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கொடுக்க மட்டும் பெரியவர் சம்மதிக்கவில்லை. பரண் பிள்ளைக்கு வந்தது. கூடவே பயமும் வந்தது. பாடியிலும் அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உதிரிபாகம் செய்து உலகத்துக்கே கப்பலேற்றும் ஊரில் இருந்துகொண்டு பயப்படுகிறோம் என்பது இத்திணையின் தனி நயம்.

இனிப் பொருளியல்பு. கிரீஸ் பூசிய இரும்பு பரணில் பல்லாண்டு வாழும். ரப்பர் வாழாது, சூட்டிலும் காற்றிலும் இறுகி, வெடிப்பு விடும். பிரேக் ஆயில், திறந்த டப்பாவில் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெடும். வெயில் வடாமுக்குச் செய்யும் நன்மையை ஃபேன் பெல்ட்டுக்குச் செய்வதில்லை. மாமாவின் பெல்ட் ஒன்றை வளைத்துப் பார்த்தேன். முறுக்குபோல் சத்தம் கேட்டது. சத்தமில்லாமல் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டேன்.

இப்போது பெருச்சாளி. போன ஐப்பசி மழையில் அது பானெட்டுக்குள் குடிபுகுந்து ஒயர்களைக் கடித்துத் துப்பிவிட்டது. நாற்பத்து மூன்று உருப்படிகள் கொண்ட மாமாவின் நோட்டில் ஒயர் இல்லை. எலெக்ட்ரீஷியன் வந்து இரண்டு முழ ஒயரும் கறுப்பு டேப்பும் கேட்டார். ஆரிய கவுடா ரோட்டில் வாங்கி வந்தோம். அரை மணியில் வண்டி கிளம்பியது. அந்த வாரமே துரைசாமி சுரங்கப்பாதையில் ஓர் ஆட்டோ உரசிக்கொண்டு போனதில் கண்ணாடி உடைந்தது. வலது கண்ணாடி.

மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்காக மீண்டும் பயன்படுத்த விரும்புவதாக 2024 செப்டம்பரில் ஃபோர்டு தமிழக அரசிடம் தெரிவித்ததை அவருக்கு ஆறுதலாகச் சொன்னேன். “ஏற்றுமதிக்குத்தானே? அப்போ இங்கே கெடைக்காது” என்று மஞ்சப்பையை எடுத்துக்கொண்டார்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபிகோ, 2012 மாடல், வலது பக்கக் கண்ணாடி யார் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள். பதிலுக்கு இடது தரப்படும். பிரிக்காத பெட்டி.